‘கோல்டு நீ’ (Gold Knee) மூட்டா, சுழலும் மூட்டா? அம்மாவுக்கு எதை வைப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம் டாக்டர். அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருடமாகக் காசிமேட்டில் மீன் வெட்டி விற்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்து, கால் வில் மாதிரி வளைந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு. ஒரு மருத்துவமனையில் ‘கோல்டு நீ’ வைத்தால் 30 வருடம் உழைக்கும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் சுழலும் மூட்டுதான் நல்லது, அதையும் ஹைஃப்ளெக்ஸ் மாடலில் வைத்தால் பழையபடி கீழே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். எதை வைக்கச் சொல்வது?

பதில்: வட்டிக்கு வாங்குவதை முதலில் நிறுத்தி வையுங்கள். நீங்கள் குழம்பி நிற்கும் இந்த இரண்டு மாடலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், உங்கள் அம்மாவை அந்த வட்டி படுத்தப்போகிற பாட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எந்தக் கம்பெனி மூட்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். தொடை எலும்பின் நுனிக்குத் தொப்பி போட்டது போல ஒரு உலோகம், பெரும்பாலும் கோபால்ட் குரோமியம். கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரு உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பிளாஸ்டிக். தேய்வது அந்த பிளாஸ்டிக்தான். இப்போது வருகிற குறுக்குப் பிணைப்பு பிளாஸ்டிக் பழையதைவிடக் குறைவாகத் தேய்கிறது.

கோல்டு நீயில் தங்கம் கிடையாது. உலோகத்தின் மேல் டைட்டானியம் கலந்த ஒரு பூச்சு, அதன் நிறம் பொன்னிறம், அவ்வளவுதான். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தப் பூச்சு வைக்க நியாயம் இருக்கிறது, அதனால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: கவரிங் கம்மலோ வளையலோ போட்டால் அரித்துத் தடித்துப் போகுமா? போகும் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இல்லையென்றால் பொன்னிறத்துக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். 30 வருடக் கணக்கு பெரும்பாலும் இயந்திரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துச் சொல்வது. மனிதர்களின் கணக்கு வேறு. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், முழு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு 25 வருடம் கழித்தும் அதே மூட்டு நின்றது. அவை கால் நூற்றாண்டுக்கு முன் வைத்த பழைய காலத்து மூட்டுகள் என்பதை மறக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு அப்போது 89 வயது இருக்கும்.

சுழலும் மூட்டில் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக், உலோகத் தட்டின் மேல் லேசாகத் திரும்பும், நிலையான மூட்டில் அப்படியே பூட்டி இருக்கும். திரும்பினால் தேய்மானம் குறையும் என்பது கணக்கு, கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் வைத்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் வலியிலோ நடையிலோ ஆயுளிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. அபூர்வமாகச் சிலருக்கு அந்த பிளாஸ்டிக் இடம் நழுவிப் போவதும் உண்டு.

சரி, ஹைஃப்ளெக்ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு ஆசை காட்டியிருப்பது இதில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் அது எவ்வளவு மடங்கியது என்பதுதான். அப்புறம் பிசியோதெரபி. மாடல் அதற்கெல்லாம் பின்னால் வருகிறது. பலருக்கு 110, 120 டிகிரி வரை மடங்கும், படி ஏற, நாற்காலியில் உட்கார்ந்து எழ அது தாராளம். குத்துக்காலிட்டு உட்கார 130க்கு மேல் வேண்டும். மனையில் உட்கார்ந்து அருவாமனையை மிதித்துக்கொண்டு நாள் முழுவதும் மீன் வெட்டுவதற்கு எந்த மூட்டும் செய்யப்படவில்லை. அந்த வேலையைத் திரும்பத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அம்மா தொழிலை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடுப்பு உயரத்துக்குப் பலகை போட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியால் வெட்டட்டும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். கையில் இருக்கும் பணத்தை அந்த இரண்டுக்கும் செலவு செய்யுங்கள்.

விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தபோது, ஜிஎஸ்டி நீங்கலாக, கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், ஹைஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய், டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் மாதிரியான சிறப்பு உலோகங்களுக்கு 76,600 ரூபாய். சாதாரண மூட்டுக்கும் ஹைஃப்ளெக்ஸுக்கும் இடையில் வெறும் 1,770 ரூபாய்தான்! லட்சக்கணக்கில் வித்தியாசம் சொல்கிறார்கள் என்றால் அது மூட்டின் விலை அல்ல, ரூமுக்கும் மற்றதுக்கும் போடுகிற கணக்கு. பில்லில் மூட்டை மட்டும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரையும் கேஸ் ஷீட்டில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் ஏதாவது ஆனால், என்ன சைஸ், என்ன மாடல் என்று எங்களுக்குச் சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

பின்பக்கத் தசைநாரை வைத்துக்கொள்ளும் வகை, எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முளை வைக்கும் வகை என்று இன்னொரு பிரிவும் உண்டு. இரண்டும் நல்லவைதான். கால் மிகவும் வளைந்தவர்களுக்கு இரண்டாவது வகையை நான் விரும்புவேன், ஆனால் அதை ஆபரேஷன் செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள். அவர் கைக்குப் பழகிய மூட்டை வைப்பதுதான் அம்மாவுக்கு நல்லது. “இந்த மூட்டை வருடத்துக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, பாதி மூட்டு போதுமா என்பது. உட்பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்கள் நன்றாக இருந்து, கையால் அழுத்தினால் வளைவு நிமிர்கிறது என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றலாம். வெட்டு சிறியது, சீக்கிரம் நடக்கலாம். மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு மட்டும் கொஞ்சம் அதிகம், அதே லான்செட் ஆய்வில் பாதி மூட்டு 25 வருடம் நின்றது சுமார் 70 சதவீதம் பேருக்கு. நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இல்லாமல் இதை முடிவு செய்ய முடியாது, படுக்க வைத்து எடுத்த படம் போதாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டுங்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம். வருடக்கணக்கில் தேய்ந்த மூட்டு, சில மாதம் பொறுப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

அந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. புது மூட்டில் நான் மிகவும் பயப்படுவது கிருமித் தொற்றுக்குத்தான், அது வந்தால் எவ்வளவு விலை கொடுத்த மூட்டையும் கழற்ற வேண்டியதாகிவிடும். மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 8க்குக் கீழே வரட்டும். ஐஸ் தண்ணீரிலேயே நிற்பதால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கும், பாருங்கள், குதிகால் வெடிப்பையும் பாருங்கள். கையில் கெளுத்தி முள் குத்திய காயம், சொத்தைப் பல், எல்லாம் ஆறிய பிறகுதான் தேதி வாங்க வேண்டும். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே அம்மா ஈரத்தில் நிற்பதை நிறுத்தட்டும், கடையை அதுவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இன்று ராத்திரியே அம்மாவின் பாதத்தைக் கழுவி, துடைத்து, ஒவ்வொரு விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.