கனடாவில் முதல் குளிர்காலத்துக்கு முன் வீட்டையும் காரையும் எப்படித் தயார் செய்ய வேண்டும்?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இந்தக் கோடையில் வீடு வாங்கியதாகவும், பனி கொட்டத் தொடங்குமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். டயரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் முதலில் சொல்ல விரும்புவது, வீட்டின் வெளிச்சுவரில் இருக்கும் தண்ணீர்க் குழாயைப் பற்றி.

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. மூடிய குழாய்க்குள் அதற்கு இடமில்லாதபோது செம்பையும் அது பிளந்துவிடும். எங்கள் முதல் ஆண்டில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கழற்றாமலேயே விட்டுவிட்டேன். குளிர்காலம் முழுவதும் எதுவும் தெரியவில்லை. மே மாதத்தில் கத்தரிக் கன்றுகளை நட்டுவிட்டுக் குழாயைத் திறந்தபோது வெளியே நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. நிலவறைச் சுவருக்குள் மழை பெய்வதுபோலச் சத்தம் கேட்கிறது என்று மனைவி ஓடிவந்து சொன்னார். சுவர்ப் பலகையை வெட்டிப் பார்த்தால், செப்புக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சுவரோரம் அடுக்கியிருந்த இரண்டு அரிசி மூட்டைகளும் நனைந்து போயின.

ஆகவே, அக்டோபர் முடிவதற்குள் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வெளிக்குழாய்க்குத் தண்ணீர் செல்லும் வால்வை நிலவறைக்குள் தேடி மூடுங்கள். பின்பு வெளிக்குழாயைத் திறந்து நீரை வடியவிட்டு, உள் வால்வின் பக்கவாட்டில் சிறிய மூடி இருந்தால் அதையும் தளர்த்தி, எஞ்சியதை ஒரு வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைதான்.

அடுத்தது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். வடிகட்டியை மாற்றுவது எளிது. பலர் மறப்பது, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களை. பனி குவிந்து அவை அடைபட்டால் ஃபர்னஸ் நின்றுவிடலாம். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பவும் கூடும். மணமோ நிறமோ இல்லாத அந்த வாயுவை அறிவிக்கும் கருவியைப் படுக்கையறைகளுக்கு அருகில் பொருத்துவது, எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீடுகளுக்கு நம் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டக் கடமை. முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற கருவி காலாவதியாகிவிட்டதா என்று இன்றே பாருங்கள்.

காருக்குக் குளிர்கால டயர் அண்டை மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். இங்கே கட்டாயம் இல்லை என்றாலும் போட்டுவிடுங்கள், காப்புறுதிக் கட்டணத்திலும் சிறு கழிவு கிடைக்கும். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குவதால், பனியே இல்லாத வெறும் தெருவிலும் பிடிமானம் குறைகிறது. மலைச் சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டரி நான்கைந்து ஆண்டு பழையதென்றால் இப்போதே சோதித்துவிடுங்கள். கடுங்குளிரில் அதன் வலு குறையும் அதே வேளையில், எஞ்சின் எண்ணெய் தடித்துவிடுவதால் காரைக் கிளப்பக் கூடுதல் வலு தேவைப்படும். கண்ணாடி கழுவும் திரவம் குளிர்காலத்துக்கு உரியதாக இருக்கட்டும். பனியில் புதைந்த காரைக் கிளப்புமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள்; அது அடைபட்டிருந்தால் அதே கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகுந்துவிடும். குழந்தைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே பனி அள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். 2013 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வீசிய பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் போனால் எரிவாயு ஃபர்னஸும் ஓடாது, ஏனெனில் அதன் விசிறியை மின்சாரமே சுழற்றுகிறது. போர்வைகள், டார்ச் விளக்கு, சமைக்காமல் உண்ணக்கூடியவை ஆகியவற்றை ஓரிடத்தில் வையுங்கள். எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதிலிருந்தும் அதே நச்சு வாயு வரும். பனி அள்ளும் சவளைத் தோட்டக் கொட்டகையில் விடாமல் முன்வாசலுக்கு உட்புறமாகவே வையுங்கள். பனி கொட்டிய காலையில் கொட்டகைக் கதவைத் திறக்கவே ஒரு சவள் வேண்டியிருக்கும்.