ஆசானின் தகடுகளும் நோட்டுகளும்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைகளுக்குச் செதுக்கு வேலை செய்து, பலருக்கும் அத்தொழிலைக் கற்றுக்கொடுத்த எங்கள் ஆசான் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பயிற்சிச் செப்புத் தகடுகள், கொடியும் அன்னமும் வரைந்த நோட்டுகள், பாடம் நடத்தியபோது எடுத்த வீடியோ கேசட்டுகள், உளிகள் ஆகியவற்றை அவர் துணைவியார் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். இவற்றைக் காத்து, கற்க விரும்புவோர் அனைவருக்கும் இணையத்தில் வழங்க விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில், எதையும் துலக்காதீர்கள், இருக்கும் வரிசையைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் இடம் மாற்றாதீர்கள். மெருகு மருந்து அழுக்கோடு செம்பையும் தேய்த்தெடுப்பதால் மெல்லிய கோடுகள் மழுங்கிவிடும். உளி எங்கே இறங்கியது, எங்கே அழுத்தம் கூடியது, வளைவை எப்படி முடித்து வெளியேறியது என்பவையே அத்தகடுகளில் உள்ள பாடம். மாணவர் வழுக்கவிட்ட கோட்டுக்கு அருகில் ஆசான் திருத்திச் செதுக்கிக் காட்டிய தகடு ஏதேனும் இருந்தால், குறையில்லாத தகட்டைவிட அதையே நான் உயர்வாக மதிப்பேன். உளிகளையும் சாணை பிடிக்க வேண்டாம். அவர் தீட்டி வைத்த முனையின் சாய்வு ஒருமுறை மாறிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

தகடுகளைப் படமெடுக்கும்போது விளக்கை ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்தால்தான் கோட்டின் ஆழம் நிழலாகத் தெரியும். ஒளியின் திசையை மாற்றிப் பலமுறை எடுங்கள். நோட்டுகளை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், ஓரக்குறிப்புகளும் வெற்றுப் பக்கங்களும் உட்பட ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்வதும் ஒட்டு நாடா ஒட்டுவதும் தாளைக் கெடுக்கும். பினாங்கின் உப்பு கலந்த ஈரக்காற்று செம்பில் பச்சை பிடிக்கச் செய்யும் என்பதால், தகடுகளை அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானவை கேசட்டுகளே. அவற்றை ஓட்டும் கருவியின் உற்பத்தி 2016இலேயே நின்றுவிட்டது. நாடாவும் ஆண்டுக்காண்டு நலிகிறது. பூஞ்சை படர்ந்த கேசட்டை நீங்களே ஓட்டிப் பார்க்காமல், அனுபவமுள்ளவரிடம் கொடுத்து டிஜிட்டலுக்கு மாற்றுங்கள்.

பகிர்வதற்கு முன் உரிமையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பொருள்கள் உங்கள் கையில் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் மறைந்த பின்னும் 50 ஆண்டுகள் அவ்வுரிமை நீடிக்கிறது. அவர் வாழ்நாளில் வெளியிடாத படைப்புக்கு, அது முதன்முதலாக வெளியாகும் ஆண்டிலிருந்தே அந்த 50 ஆண்டுகள் கணக்காகும். ஆகவே துணைவியார், பிள்ளைகள் என வாரிசுகள் அனைவரிடமும் எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுங்கள், வாய்ச்சொல் போதாது. எவற்றை வெளியிடலாம், பிறர் விற்பனைக்குப் பயன்படுத்தலாமா என்பதும் அதில் இருக்கட்டும். உளி பிடிக்கும் முறையையோ செதுக்கும் உத்தியையோ சட்டம் யாருக்கும் தனியுரிமையாக்கவில்லை. அவர் வரைந்த படம், எழுதிய குறிப்பு போன்ற படைப்புகளுக்கே பாதுகாப்பு உண்டு. எனவே கற்றதைக் கற்பிக்க நீங்கள் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அவரிடம் பயின்றவர்களை இப்போதே கூட்டி, ஒவ்வொரு தகட்டையும் முன்னால் வைத்து, எந்தப் பாடத்துக்கு அதைக் கொடுத்தார், என்ன சொல்லித் திருத்தினார் என்பதைப் பேசச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதியவர்களிடமிருந்து தொடங்குங்கள். அந்த விளக்கமும் உடன் இருந்தால்தான் தொலைவில் இருக்கும் மாணவர் ஒருவர் உங்கள் படங்களைப் பார்த்து உளியைக் கையில் எடுக்க முடியும்.