டாக்டர் அம்மா பதில்கள்: எல்லாருக்கும் 120/80 தானா?

(பதில் சொல்பவர் வேலூரில் பொது மருத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவ மாணவர்களின் நடத்தை பற்றி வந்த கடிதங்கள் இந்த வாரம்.)

கேள்வி: என் மகன் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம். நண்பனுக்காக ப்ராக்ஸி கொடுத்தான் (வராதவனுக்கு இவன் வருகை சொன்னான்), வார்டு போஸ்டிங்குக்கு அடிக்கடி லேட், கேட்ட பேராசிரியரிடம் எதிர்த்துப் பேசினான் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "எல்லாரும் பண்றதுதாம்மா" என்கிறான். மார்க் நன்றாகத்தான் வாங்குகிறான். தெரிந்த பெரிய மனிதர் ஒருவரை விட்டு டீனிடம் பேசச் சொல்லலாமா?
*பெயர் வேண்டாம், குடியாத்தம்*

பதில்: வேண்டாம் அம்மா. அவர் போன் பண்ணுவார், கடிதம் ஃபைலுக்குள் போய்விடும். மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்பதை மட்டும் உங்கள் பையன் அன்றைக்குப் படித்துக்கொள்வான்.

கடிதத்தில் இருக்கும் மூன்றும் ஒரே எடை இல்லை. ஹாஸ்டல் பையன் லேட்டாக வருவது ஊர் உலகத்தில் நடப்பது. ப்ராக்ஸி தப்புதான். வகுப்பில் தலையை எண்ணினால் முப்பது, பதிவேட்டில் ஐம்பது, இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சினேகிதத்துக்காகச் செய்கிற பொய், கண்டித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். எனக்கு உறுத்துவது அந்த மூன்றாவது.

2005-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பாப்படாகிஸ் என்ற பேராசிரியரும் சகாக்களும் செய்தது. அமெரிக்காவில் மருத்துவ வாரியங்கள் தண்டித்த 235 டாக்டர்களின் பழைய கல்லூரி ஃபைல்களைத் தோண்டி எடுத்து, தண்டனை வாங்காத 469 பேரின் ஃபைல்களோடு வைத்துப் பார்த்தார்கள். மாணவனாக இருக்கும்போதே நடத்தை சரியில்லை என்று குறிப்பு ஏறியிருக்கும் வாய்ப்பு, தண்டனை வாங்கியவர்கள் பக்கம் மூன்று மடங்கு. மார்க்குக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது, ஆனால் இவ்வளவு இல்லை. எல்லாவற்றிலும் மோசமாகத் தெரிந்தவை இரண்டு: கடுமையான பொறுப்பின்மை, அப்புறம், எடுத்துச் சொன்னாலும் திருத்திக்கொள்ளாத குணம். குறிப்பு ஏறிய பிள்ளைகள் எல்லாம் கெட்டுப்போவார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் "எல்லாரும் பண்றதுதான்" என்கிற பதிலைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

அவனே அந்தப் பேராசிரியரைப் போய்ப் பார்க்கட்டும். தனியாக. "நான் செய்தது இது" என்று சாக்குப்போக்கு இல்லாமல் சொல்லட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள். 21 வயசுப் பையனுக்காக அம்மா பேசினால் ஹாஸ்டலில் அவனுக்குப் புதுப் பெயரே வைத்துவிடுவார்கள்.

கேள்வி: அப்பாவை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மாணவர்கள் குழு குழுவாக வந்து ஒருவர் மாற்றி ஒருவர் வயிற்றை அமுக்கினார்கள். ஒரு பையன் இங்கிலீஷில் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா கூசிப்போய்விட்டார். மாணவர்கள் பார்க்கக்கூடாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? யாரிடம் புகார் செய்வது?
*பட்டு நெசவாளர், ஆரணி*

பதில்: உண்டு. பயிற்சி ஆஸ்பத்திரி என்பதால் நோயாளியின் உடம்பு பொதுச்சொத்து ஆகிவிடாது. "இப்ப வேண்டாம் தம்பி, அவருக்கு வலிக்குது" என்றாலே போதும். அதற்காகச் சிகிச்சையைக் குறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கேட்டுவிட்டுத் தொடுவது, திரை போடுவது, பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண்ணை நிறுத்திக்கொள்வது, இதெல்லாம் மாணவனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம். 2019-லிருந்து பாடத்திட்டத்திலேயே மனப்பாங்கு, அறநெறி, பேச்சுமுறை என்று தனிப் பகுதி இருக்கிறது.

மாணவர்கள், டாக்டர்களைப் பதிவு செய்யும் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இல்லை, அதனால் அங்கே எழுதிப் பயனில்லை. மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் எழுதுங்கள். தேதி, நேரம், வார்டு, எந்த யூனிட், நடந்தது என்ன. அரைப்பக்கம் போதும். கோபத்தில் அந்தப் பையன்களை வீடியோ எடுத்துப் போடாதீர்கள், பக்கத்து பெட் நோயாளியும் அதில் விழுவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நோயாளிகளுக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைப்பது வடிகட்டின முட்டாள்தனம். வேலூர் வார்டில் தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று எல்லா பாஷைக்காரரும் படுத்திருப்பார்கள். "கேன்சர்", "பேட்", "ஹோப்லெஸ்" எல்லாருக்கும் புரியும். சிரிப்புக்கு பாஷையே வேண்டாம்.

கேள்வி: ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஹவுஸ் சர்ஜன் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருப்பவர்) ஒருவர் பி.பி. பார்க்காமலே நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதுவதைக் கண்டுபிடித்தேன். மேலே சொன்னால் பையன் வாழ்க்கை போய்விடுமோ என்று இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை. என்ன செய்வது மேடம்?
*இளம் டாக்டர், ராணிப்பேட்டை*

பதில்: தூக்கம் வராதது நல்ல அறிகுறி, தம்பி.

பெயர் எதற்கு, ஒரு ஆஸ்பத்திரியில் காலை ரவுண்ட்ஸ். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். 6 மணிக்கு பி.பி. 120/80, நாடி 78, மூச்சு நிமிஷத்துக்கு 18. முத்து முத்தான கையெழுத்து. நிமிர்ந்து பார்த்தால் பெட்டில் மடித்து வைத்த சிவப்புக் கம்பளி. ஆள் முந்தின ராத்திரியே டிஸ்சார்ஜ் ஆகி வாணியம்பாடி பஸ் ஏறிவிட்டார். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பக்கத்து பெட்டிலும் அதே 18. அந்தப் பெரியவருக்கு நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது வாசலிலிருந்தே தெரிகிறது. வாட்சைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வைத்தேன். 34. நிமோனியாவோ, ரத்தத்தில் கிருமி பரவுவதோ, முதலில் ஏறுவது பெரும்பாலும் இந்த மூச்சு எண்ணிக்கைதான். எண்ணச் சோம்பல்பட்டு 18 என்று எழுதுகிறவன், அந்த எச்சரிக்கையைக் கையால் அழிக்கிறான்.

இப்போது உங்கள் விஷயம். முதலில் அவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். ரவுண்ட்ஸ் நடுவில், பத்துப் பேர் முன்னால் வேண்டாம். அங்கே கேட்டால் அவமானம் மட்டும்தான் மண்டையில் ஏறும். அன்றைக்கே கேளுங்கள், மாசக் கடைசிக்கு மூட்டை கட்டி வைக்காதீர்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து ஹிக்ஸன் குழு, டாக்டர்களின் நடத்தையைத் திருத்த 2007-ல் எழுதிய முறையில் முதல் படி, ஒரு காபி குடித்துக்கொண்டு பேசுவது. அதுவே தொடர்ந்தால் விவரங்களை எழுத்தில் எடுத்துக் காட்டுவது, அதற்கும் மசியாவிட்டால் மேலதிகாரி, கடைசியில் ஒழுங்கு நடவடிக்கை. நம் ஊரில் டீ என்று வைத்துக்கொள்ளுங்கள். "நேத்து பன்னிரண்டாம் பெட்ல பி.பி. பார்க்காம எழுதினதைப் பார்த்தேன். என்ன ஆச்சு?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும், நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். தூங்காமல் டூட்டி பார்த்தாரோ, இருக்கிற ஒரே பி.பி. கருவியில் காற்று லீக்கோ, தெரியாது. கருவி ரிப்பேர் என்றால் அது உங்கள் வேலையும்கூட.

ஆனால் லேட்டாக வந்தவனுக்கும் பொய் எண் எழுதினவனுக்கும் ஒரே டீ கிடையாது. பேசி முடித்ததும் அவரோடு வார்டுக்குப் போய் எல்லா பெட்டுக்கும் மறுபடி பாருங்கள். யூனிட் சீஃபிடமும் சொல்லிவிடுங்கள், "சொல்லப்போகிறேன்" என்று அந்த ஹவுஸ் சர்ஜனிடமே முதலில் சொல்லிவிட்டு. தேதி போட்டு இரண்டு வரி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டு திருந்துகிற பையனின் வாழ்க்கை இதனால் போகாது. "சார், எல்லா யூனிட்லயும் இப்படித்தான்" என்றால், ஹவுஸ் சர்ஜன் காலத்தை நீட்ட வேண்டுமா என்று கல்லூரி யோசிக்கட்டும்.

நோயாளியிடம் தகாத தொடுதல், குடித்துவிட்டு டூட்டி, அடிதடி, ராகிங் இவற்றுக்கு டீயே வேண்டாம், நேரே மேலே போகவேண்டியவை. ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, 2 வருடம் வரை ஜெயில்.

கேள்வி: என் அறைத்தோழன் வார்டில் எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் வைக்கிறான். முகத்தை மறைத்துத்தான் போடுகிறான். தப்பா?
*மருத்துவ மாணவி ஒருவரின் அண்ணன், வாலாஜா*

பதில்: தப்பு. முகத்தை மறைத்தால் பெட் நம்பர் தெரியும், கையில் பச்சை குத்தின பெயர் தெரியும், ஊர்க்காரன் ஒருத்தன் பார்த்தால் போதும். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்துத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே முதலில் தெரிந்தது. அதற்கப்புறம் வெளியே தெரிந்துவிட்டதால் ஊரை விட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்த நோய் பற்றிய விவரத்தைச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தது. இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பேராசிரியர் நோயாளி முன்னாலேயே ஃபைலைத் தூக்கி எறிவார், சிஸ்டரை ஒருமையில் திட்டுவார். எங்களுக்கு மட்டும் நடத்தை வகுப்பு. அவரைக் கேட்பது யார்?
*பயிற்சி டாக்டர், திருப்பத்தூர்*

பதில்: நியாயமான கேள்வி. மாணவர்கள் வகுப்பில் கேட்டதைவிட வார்டில் பார்த்ததைத்தான் செய்வார்கள். தனியாகப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, பார்த்ததை மட்டும் எழுதி, நம்பிக்கையான ஒரு சீனியரோடு டீனைப் பாருங்கள். சிஸ்டரிடமும் கேளுங்கள், அவர் சாட்சி சொன்னால் கனம் கூடும். உங்களுக்கில்லாத ஒன்று அந்தப் பேராசிரியருக்கு உண்டு: மருத்துவக் கவுன்சிலில் முழுப் பதிவு. டாக்டர்களுக்கான 2002-ன் நடத்தை விதிகள் அவரையும் கட்டும். உடனே எல்லாம் மாறிவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

கேள்வி: வேலூர் வெயிலில் வெள்ளைக் கோட் தேவையா?
*வேர்த்து வழியும் மாணவன், காட்பாடி*

பதில்: காட்டன், அரைக்கை. இங்கிலாந்தில் 2007-லேயே நீளக்கை கோட்டுக்கு முடிவு கட்டிவிட்டார்கள், முழங்கைக்குக் கீழே துணி கூடாது என்று. டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் போகும்போது கழற்றிவிடுங்கள். ஸ்டெதஸ்கோப்பையும். அப்புறம், வாரம் ஒரு தடவையாவது துவையுங்கள், அம்மாவிடம் கொடுத்தனுப்பாமல்.