1/25 மஸ்டாங்: பானெட்டைத் திறந்தால் நிஜ இன்ஜின் மாதிரி தெரிய என்ன செய்வது?

கேள்வி: 1/25 அளவில் 1966 ஃபோர்டு மஸ்டாங் மாடல் கிட் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், 289 (கன அங்குல) வி8 இன்ஜினோடு. வெளிப் பெயின்ட் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே பொம்மை கார்தான். டீடெயில் செட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட் விலையையே தாண்டிவிடும் போலிருக்கிறது. இங்கே கிடைப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? – கோவை வாசகர்

பதில்: செட் வேண்டாம். கோவையில் இருந்துகொண்டு செப்புக் கம்பிக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவது அநியாயம். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எனாமல் பூசிய கம்பி கேஜ் (தடிமன் எண்) வாரியாகக் கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சால்டர் கம்பி கிடைக்கும். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஒயர், ஹோஸ் வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

ஆனால் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் நிறத்தைச் சரிசெய்யுங்கள். பொம்மைத் தோற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒயர் இல்லாதது அல்ல. கருப்பாக இருக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஒரே பளபளப்பில் கருப்பு அடித்திருப்போம், மற்றதெல்லாம் கிட்டோடு வந்த குரோமில் மின்னிக்கொண்டிருக்கும். அந்த இரண்டும்தான் காட்டிக்கொடுக்கின்றன.

நிஜக் காரில் பல கருப்புகள் உண்டு. மஸ்டாங்கின் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளிருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு), இரு பக்கச் சுவர்கள், ரேடியேட்டரைத் தாங்கும் தகடு எல்லாம் பாடி எந்த நிறமாக இருந்தாலும் அரைப் பளபளப்புக் கருப்பு. தமியா மாடல் பெயின்ட்டில் எக்ஸ்-18 அதற்குச் சரியாக இருக்கும். ஹோஸ், பெல்ட் போன்ற ரப்பர் சாமான்கள் பளபளப்பே இல்லாமல், கொஞ்சம் சாம்பல் கலந்த கருப்பு, அதாவது எக்ஸ்எஃப்-85. பேட்டரிப் பெட்டி இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பெயின்ட் அடிக்காத வார்ப்பிரும்பு. அதற்கு அடர் இரும்புச் சாம்பல் அடித்து, காய்ந்த பிறகு மேலே பழுப்பைத் துடைத்த மாதிரி லேசாகத் தடவுங்கள். இந்த வித்தியாசம் ஒன்றே படத்தில் பளிச்சென்று தெரியும்.

இன்ஜினுக்கு நீலம். இணையத்தில் படம் தேடும்போது இங்கேதான் குழப்பம் வரும். 1965 மஸ்டாங்கின் 289-க்குக் கருப்பு பிளாக், தங்க நிற வால்வு கவர், தங்க நிற ஏர் ஃபில்டர் மூடி. 1966-இல் எல்லாமே ஃபோர்டு நீலமாகிவிட்டது. பலர் இரண்டு வருடப் படங்களையும் கலந்து பார்த்துவிட்டு நீல இன்ஜினுக்குத் தங்க மூடி போட்டுவிடுகிறார்கள். பந்தய ரகமான ஹை-பெர்ஃபார்மன்ஸ் 289-க்குத்தான் குரோம் கவர் வந்தது. உங்களுடையது சாதாரண 289 என்றால் கிட்டில் குரோமாக வரும் வால்வு கவரை நீலமாக்குவதுதான் முறை. ஷோவுக்காகப் புதுப்பித்த கார்களின் படங்களை ஆதாரமாக எடுக்காதீர்கள். அவற்றில் பாதி சாமான் பிற்காலத்தில் வாங்கி மாட்டியது.

குரோமை எடுக்க வீட்டு ப்ளீச் திரவத்தில் ஊறப் போட்டால் போதும், தானாகக் கரைந்துவிடும். ஒரே எச்சரிக்கை, அந்தப் பாத்திரத்தில் ஆசிட் உள்ள கழிவறை கிளீனர் ஒரு சொட்டுக்கூடச் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இனி அளவு. எந்த ஒயரை எடுத்தாலும் அதன் நிஜத் தடிமனை 25-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஸ்பார்க் பிளக் ஒயர் 7 மி.மீ. வகுத்தால் 0.28. கையில் இருக்கிறதே என்று 0.7 மி.மீ. ஒயரைப் போட்டால் அது நிஜ அளவில் 17 மி.மீ.க்கு மேல் வரும், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் போல. இன்ஜினுக்கு எட்டு ஒயரும் போட்டும் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காயில் கடையில் 32 கேஜ் கேளுங்கள். செம்பு மட்டும் 0.27 மி.மீ., மேலே எனாமலும் பெயின்ட்டும் சேர்ந்தால் 0.3-ஐ ஒட்டி வரும், பிளக் ஒயருக்கு அளவெடுத்தது போல இருக்கும். பேட்டரி கேபிளுக்கு 26 கேஜ் (0.46 மி.மீ.), பெட்ரோல் குழாய்க்கு 30 கேஜ், பிரேக் குழாய் போடும் பொறுமை இருந்தால் 36 கேஜ். ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர் இருந்தால் பல கார் கட்டலாம், கடைக்காரர் கழிவுத் துண்டாகவே கொடுத்துவிடுவார். ரேடியேட்டர் ஹோஸுக்கு 16 கேஜ் சால்டர் கம்பி (1.6 மி.மீ.), ஹீட்டர் ஹோஸுக்கு 20 கேஜ் (0.9 மி.மீ.). சால்டர் மெதுவாக வளையும், வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். ஈயம் கலந்தது என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்தான் கண் முதலில் போகும் இடம், அதனால் அதற்கு நேரம் கொடுங்கள். 289-இல் அது இன்ஜினின் முன்பக்கம் இருக்கிறது. செவர்லே வி8-இல் பின்பக்கம். படம் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள். கிட்டில் வரும் டிஸ்ட்ரிபியூட்டர் வெறும் மொட்டைக் குமிழ். 3.5 மி.மீ. விட்டமுள்ள அந்த மூடிக்குள் 0.35 மி.மீ. பிட்டால் வட்டமாக எட்டு ஓட்டை, நடுவில் ஒன்று போட வேண்டும். முதலில் ஊசி முனையால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கும். சர்க்யூட் போர்டுக்கு விற்கும் கார்பைடு பிட் மலிவு, ஆனால் கை கொஞ்சம் சாய்ந்தாலே ஒடிந்துவிடும். ஓட்டை போடும் துணிச்சல் இல்லையென்றால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. மூடியின் நடுவில் ஒரே ஒரு 1.5 மி.மீ. ஓட்டை போட்டு, ஒன்பது ஒயரையும் கட்டாக உள்ளே செருகி ஒட்டிவிட்டு, காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் விரித்து வளைத்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் மேலே வந்து உட்கார்ந்த பிறகு வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஒன்பது என்றேனே, எட்டு பிளக்குக்குப் போக நடுவிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போவது ஒன்பதாவது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். காயில் பக்கத்திலேயே இன்ஜின் முன்புறம் இருப்பதால் அந்த ஒயர் குட்டையானது.

எந்த ஒயர் எங்கே போக வேண்டும்? ஃபோர்டு எண் வரிசைப்படி இன்ஜினின் வலது பக்கம் (காருக்குள் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வலது), முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. இடது பக்கம் 5, 6, 7, 8. மேலிருந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இதை யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். வரிசைப்படி போட்டாலும் தப்பாகப் போட்டாலும் வேலை ஒன்றுதான், அப்புறம் எதற்குத் தப்பாகப் போடுவது? இன்னொன்று, 7-ம் 8-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், எரிவதும் அடுத்தடுத்து. ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தாவும் என்பதால் மெக்கானிக்குகள் அந்த இரண்டு ஒயரையும் தள்ளித்தான் வைப்பார்கள். மாடலிலும் அந்த இடைவெளி விட்டால், விஷயம் தெரிந்தவர் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

வால்வு கவருக்குக் கீழே பிளக்குக்கு ஓட்டை போடும்போது இடைவெளி 4.4 மி.மீ. இந்த இன்ஜினின் சிலிண்டர் மையங்களுக்கு நடுவே நிஜத்தில் 111 மி.மீ.தான். ஒயரைத் தேவைக்குமேல் நீளமாகவே வெட்டி, வால்வு கவருக்கு மேலாக வளைத்துக் கொண்டுவந்து, இடத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நறுக்குங்கள். பிளக் முனையில் ரப்பர் மூடிக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கெட்டியான ஃபெவிகால் பொட்டு ஒன்று வைத்துக் காயவிட்டு, மறுபடி ஒரு பொட்டு வைத்தால் மூடி தயார். வளைத்து முடித்த பிறகுதான் கருப்படிக்க வேண்டும். முதலிலேயே அடித்தால் வளைவில் பெயின்ட் உரிந்து செம்பு எட்டிப் பார்க்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக்கை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். அதிகமானால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும், குரோமும் கண்ணாடிப் பாகமும் பாழாகும். பெயின்ட் முடிந்த ஹோஸ்களுக்கு நான் ஃபெவிகால்தான் பயன்படுத்துவேன். தப்பானால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம்.

மற்ற ஒயர்கள் விஷயத்தில் எனக்கு ஒரே நிபந்தனை. தொடங்கும் ஒயர் எங்கேயாவது போய் முடிய வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நாலு கம்பியை உள்ளே தொங்கவிடுவதைவிட ஒயரே இல்லாமல் விடுவது மேல். பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 மஸ்டாங்கில் அது வலது முன் மூலையில் இருக்கும். பாசிட்டிவ் கேபிள் நேராக ஸ்டார்ட்டருக்குப் போகாது. பேட்டரிக்குப் பின்னால் வலது பக்கச் சுவரில் இருக்கும் சின்ன ஸ்டார்ட்டர் ரிலேவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கேபிள் கீழே இறங்கும். கிட்டில் ரிலே இல்லையென்றால் ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டை 2 மி.மீ. அளவில் நறுக்கி வையுங்கள். நெகட்டிவ் இன்ஜின் பிளாக்கில் முடியும். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் இன்ஜின் முன்பக்கத்திலிருந்து ஃபயர்வாலின் வலது பக்கம் போகும். பெட்ரோல் பம்ப் இன்ஜினின் முன்பக்கம் இடது கீழே இருக்கிறது, அங்கிருந்து கார்புரேட்டருக்கு ஒரு மெல்லிய உலோகக் குழாய் ஏறும்.

நம் ஊர்ப் பழக்கத்தில் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. இது இடது பக்க ஸ்டியரிங் கார். அதனால் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஃபயர்வாலின் இடது பக்கம். 1966-இல் அதற்கு ஒற்றை பிரேக் ஆயில் டப்பாதான், இரட்டை 1967-இல் வந்தது.

கார்புரேட்டருக்குள் நுணுக்கம் செய்வது, ஃபேன் பெல்ட்டில் பல் வெட்டுவது எல்லாம் வீண் வேலை. ஏர் ஃபில்டர் மூடிய பிறகு கார்புரேட்டர் தெரியவே தெரியாது. துருவிலும் அழுக்கிலும் கைக்கட்டுப்பாடு வேண்டும். அக்ரிலிக் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு தமியா பேனல் லைன் அக்சென்ட் கருப்பையோ பழுப்பையோ மடிப்புகளில் ஓடவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில் அது பட்டால் விரிசல் விடலாம், ஜாக்கிரதை. எண்ணெய்க் கறை வேண்டுமென்றால் வால்வு கவர் ஓரத்திலும் பெட்ரோல் பம்ப் அருகிலும் மட்டும் போதும்.

வேலை வரிசை இப்படி: பிளக் ஒயர், காயில், பெட்ரோல் குழாய் எல்லாம் இன்ஜின் கையில் இருக்கும்போதே முடிய வேண்டும். இன்ஜின் உள்ளே உட்கார்ந்த பிறகு ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பேட்டரி கேபிள். ஒவ்வொரு கட்டத்திலும் பானெட்டை மூடிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரியாவிட்டால் ஏர் ஃபில்டர் மேல் ஒரு சின்ன உருண்டை களிமண்ணை வைத்து மூடித் திறங்கள். நசுங்கியிருந்தால் ஒயரை நோண்டாமல் இன்ஜின் மவுன்ட்டின் அடியைத்தான் அரை மி.மீ. தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் என்றால் அது ஐந்து நிமிட வேலை.