எபோஷி கெட்டவளா?

வணக்கம் சார்,

நீங்கள் பாராட்டி எழுதியிருந்தீர்கள், கார்ட்டூன்தானே என்று நம்பி, ஆறாவது படிக்கும் மகனோடு ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ பார்க்க உட்கார்ந்தேன். அவனுக்கு அவருடைய ‘டோட்டோரோ’ படம் என்றால் உயிர். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கதாநாயகன் விட்ட அம்பில் ஒருவனுக்கு இரண்டு கையும் அறுந்து போகிறது, அடுத்த அம்பில் இன்னொருவன் தலை. அணைத்துவிட்டேன். மறுநாள் அவன் அப்பாவோடு உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து, “இதுல யாரும்மா கெட்டவங்க?” என்கிறான். நான் என்ன சொல்ல? பிள்ளைகள் படத்தில் இவ்வளவு ரத்தம் எதற்கு?

சு.

அன்புள்ள சு.,

தப்பு என் மேல்தான். வயதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டோட்டோரோவை நாலு வயதுப் பிள்ளைக்கும் போடலாம், இதை அப்படிப் போட முடியாது. அமெரிக்காவில் 1999ல் வெளியானபோது பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக் காட்டவும் என்கிற பிஜி-13 சான்றிதழ்தான் கொடுத்தார்கள். என் கணக்கில் பத்து, பதினொன்றுக்கு மேல் சரி, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். ஆக உங்கள் மகன் வயது சரியாக வரம்பில் நிற்கிறது.

ஆனால் அந்த ரத்தம் சும்மா இல்லை. கை அறுந்து விழுந்ததும் நீங்கள் அணைத்துவிட்டீர்கள், கதாநாயகன் அஷிடாகாவின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவன் ஜெயித்தவன் மாதிரி இல்லை, பயந்துபோயிருக்கிறான். அவன் நினைத்து விட்ட வேகம் இல்லை அது. சாபம் ஏறிய வலது கை தானாக முறுக்கிக்கொண்டு செய்த வேலை. சாபம் எங்கிருந்து வந்தது? நாகோ என்ற காட்டுப்பன்றித் தெய்வத்திடமிருந்து. நாகோவுக்கு ஏன் வெறி பிடித்தது? உடம்புக்குள் ஒரு இரும்புக் குண்டு இருந்தது. அந்தக் குண்டைச் சுட்டது யார் என்று தேடித்தான் அவன் ஊரைவிட்டு மேற்கே கிளம்புகிறான். வழக்கமான படங்களில் வில்லன் மலை உச்சியிலிருந்து விழுவான், பிணத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை, பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது உங்கள் மகன் கேட்டது. குண்டைச் சுட்டவள் எபோஷி. தாதாரா என்ற இரும்பு உலையை நடத்துகிற தலைவி. ஜப்பானில் ஆற்று மணலிலும் மலை மணலிலும் கிடைக்கிற இரும்புத் துகளை மண் உலையில் போட்டு, மரக்கரியைக் கொட்டிக்கொண்டே இருந்து, நாள் கணக்கில் இரவு பகலாகத் துருத்தி மிதித்துத்தான் இரும்பு எடுத்தார்கள். ஒரு தடவை உலை மூட்டினால் டன் கணக்கில் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். அதனால் காட்டுக்கும் அவளுக்கும் பகை. இவளைக் கெட்டவள் என்று முடித்துவிடலாம் என்று பார்த்தால், துருத்தி மிதிக்கிற பெண்கள் யார் தெரியுமா? விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் காசு கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தவர்கள். நிஜ தாதாராவில் பெண்களை உள்ளேயே விட மாட்டார்கள். உலைக்குக் காவல் தெய்வமான கனயாகோவும் பெண்தான், அவளுக்குப் பெண்களைப் பிடிக்காது என்று நம்பிக்கை. (எந்த ஊரிலும் இதற்கு ஒரு சாமி கிடைத்துவிடுகிறது.) அதை மீறித்தான் மியாசாகி உலையைப் பெண்கள் காலடியில் கொண்டுவந்து வைக்கிறார்.

துப்பாக்கி செய்கிறவர்கள் தொழுநோயாளிகள். மியாசாகியின் வீட்டுக்குப் பக்கத்தில் தாமா ஸென்ஷோஎன் என்று ஒரு தொழுநோயாளர் இல்லம் உண்டு, அங்கே போய்வந்தது அவரை உலுக்கியிருக்கிறது. நோயாளிகளை ஒதுக்கி அடைத்து வைக்கிற சட்டத்தை ஜப்பான் ரத்து செய்ததே 1996ல்தான். படம் வந்தது அடுத்த வருடம் ஜூலையில். எபோஷியைப் பார்த்ததும் அஷிடாகாவின் வலது கை வாளை நோக்கித் தானாகப் பாய, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்போது உடம்பெல்லாம் துணி சுற்றிப் படுத்திருக்கிற ஒருவர், அவளைக் கொன்றுவிடாதே, எங்களை மனிதர்களாக நடத்தியது அவள் ஒருத்திதான், அழுகிய எங்கள் சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவள் அவள் என்று கெஞ்சுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். என் அக்கா மகள் பன்னிரண்டு வயதில் இதைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கே வந்துவிட்டாள். “காட்டை வெட்டலைன்னா அந்த அக்காங்கல்லாம் எங்க மாமா போவாங்க?” நானோ காட்டுக்காக எபோஷியோடு சண்டை போடுகிற ஓநாய்கள் பக்கம். இன்றைக்கு வரை சமாதானம் ஆகவில்லை.

அப்புறம், ‘கார்ட்டூன்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கையால் வரைந்து உண்டாக்கிய படம் அது, சுமார் 1,44,000 செல் ஓவியங்கள், அதாவது கண்ணாடி மாதிரித் தாளில் தீட்டிய படங்கள். அதில் ஏறக்குறைய 80,000ஐ மியாசாகி தானே திருத்தினார் என்கிறார்கள், ஐம்பத்தாறு வயதில். பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று யாரும் அப்படி உட்கார மாட்டார்கள்.

நீங்கள் இன்னும் மிச்சத்தைப் பார்க்கவில்லை என்பதால் முடிவைச் சொல்லப் போவதில்லை. மகனையே கூட உட்காரவைத்துப் பாருங்கள், கை அறுகிற இடம் எப்போது வரும் என்று இப்போது அவனே உங்களுக்கு முன்கூட்டிச் சொல்வான். அவனுக்கு ஒரு கெட்டவன் கட்டாயம் வேண்டுமென்றால் நான் யாரைக் காட்டுவேன் என்று யோசித்தேன். ஜிகோ என்ற சாமியாரைச் சொல்லலாம். காட்டுத் தெய்வத்தின் தலையை வெட்டிக் கொண்டுபோக வந்தவன். ஆனால் அவனும் வழியில் பார்த்த பையனுக்கு அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிற ஆள்தான், கூலிக்கு வேலை பார்க்கிறான். தலை யாருக்கு வேண்டும்? சாகாவரம் கேட்கிற பேரரசருக்கு. அவர் படம் முழுக்க ஒரு தடவைகூட முகம் காட்டுவதில்லை, அவர் பெயரில் ஓலை மட்டும்தான் வருகிறது. நான் அவரைத்தான் சொல்வேன். உங்கள் மகன் ஒத்துக்கொள்கிறானா என்று கேட்டு எழுதுங்கள்.