நியாயமான கோரிக்கைக்காகப் போராடும் இயக்கம் பொதுமக்களைக் கொன்றால், அந்தக் கோரிக்கையை ஆதரிப்பவர் கண்டிக்கலாமா?

முதல் ஆளாகக் கண்டிக்க வேண்டியவரே அவர்தான் என்பேன். அப்படிக் கண்டிப்பது ஒடுக்குபவனுக்குத் துணைபோவதாகிவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஸ்பெயினின் வடக்கிலும் அதையொட்டிய பிரான்ஸ் பகுதியிலும் வாழும் பாஸ்க் மக்களின் வரலாறு.

மொழிப்பற்று மிகுந்த வீட்டில் வளர்ந்தவன் நான். உலகின் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத பாஸ்க் மொழியைப் பற்றியும், ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகாரம் அதைப் பள்ளிகளிலிருந்தும் பொதுவிடங்களிலிருந்தும் விரட்டியதைப் பற்றியும் படித்தபோது மனம் தானாக அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1937 ஏப்ரல் 26 அன்று, சந்தை கூடும் திங்கட்கிழமையில், பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகா என்ற பாஸ்க் நகரைக் குண்டு வீசி எரித்தன. இந்தக் காயத்தைச் சுமந்த இனத்தில் 1959-இல் தனிநாடு கோரிய ஈ.டி.ஏ. என்ற ஆயுத இயக்கம் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. பிராங்கோவின் பிரதமர் கரேரோ பிளாங்கோவை அது 1973-இல் மாட்ரிட்டில் குண்டு வைத்துக் கொன்றதைப் படித்தபோது மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஆண்டுகளைப் பிறகுதான் கவனித்தேன். 1975-இல் பிராங்கோ இறந்தார். 1977-இல் அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வந்தது. 1979-இல் பாஸ்க் பகுதிக்குத் தன்னாட்சியும், அவர்கள் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியும் கிடைத்தன. ஈ.டி.ஏ. மிக அதிகமானோரைக் கொன்ற ஆண்டு 1980! அது கொன்ற 800-க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் சர்வாதிகாரம் முடிந்த பிறகு இறந்தவர்கள்.

என்னை உடைத்தது பார்சிலோனா. 1987 ஜூன் 19, வெள்ளிக்கிழமை மாலை. ஹிப்பெர்கோர் என்ற பெரிய கடையின் தரையடி வாகன நிறுத்தத்தில் ஈ.டி.ஏ. நிறுத்தியிருந்த கார் வெடித்தது. வெடிமருந்தோடு பெட்ரோலும், தீ உடலில் ஒட்டிக்கொண்டு எரியும்படி சோப்புத் துகளும் கலந்து வைத்திருந்தார்கள். கடைக்கு வந்த 21 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. தொலைபேசியில் எச்சரித்திருந்தோம், கடையைக் காலி செய்யாதது அதிகாரிகளின் குற்றம் என்றது ஈ.டி.ஏ. அதிகாரிகள் தவறியது உண்மைதான். பின்னாளில் நீதிமன்றமும் அரசின் பொறுப்பைச் சுட்டிக்காட்டியது. ஆனாலும் அந்த சோப்புத் துகளைக் கலந்த கை யாருடையது? சந்தைக்குப் போனவர்கள் மீது தீ விழுந்ததை ஐம்பது ஆண்டுகளாக நினைவில் சுமந்த இனத்தின் பெயரால், கடைக்குப் போனவர்களை எரித்திருக்கிறார்கள். இதைப் படித்த நாளுக்குப் பிறகு ‘ஆனால் அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு’ என்ற வாக்கியம் என் வாயில் வரவில்லை.

நியாயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. 21 பேரின் சாவுக்கு அது விடையாகாது.

உங்கள் அச்சத்துக்கு விடை சொன்னவர்கள் பாஸ்க் மண்ணிலேயே இருந்தார்கள். ‘ஹெஸ்தோ போர் லா பாஸ்’, அதாவது அமைதிக்கான செயல் என்ற பெயரில் 1980-களில் ஓர் அமைப்பு உருவானது. அரசியல் வன்முறையில் ஒருவர் இறந்தால் மறுநாள் அதன் உறுப்பினர்கள் தங்கள் ஊர்ச் சதுக்கத்தில் கூடி, கால்மணி நேரம் பேசாமல் நிற்பார்கள். கொல்லப்பட்டவர் காவலராக இருந்தாலும் நிற்பார்கள், ஈ.டி.ஏ. உறுப்பினர் இறந்தாலும் நிற்பார்கள். அரசின் கைகளும் சுத்தமாக இல்லை. 1983 முதல் 1987 வரை ஜி.ஏ.எல். என்ற மறைமுகக் கொலைப்படை 27 பேரைக் கொன்றது. அதன் ஆள்கடத்தல் ஒன்றுக்காக முன்னாள் உள்துறை அமைச்சரே 1998-இல் தண்டிக்கப்பட்டார். இரு பக்கக் கொலைகளுக்கும் ஒரே சதுக்கத்தில் நின்றவர்களை ஒடுக்குபவனின் துணை என்று எப்படிச் சொல்வது? அப்படி நிற்பது எளிதாகவும் இருக்கவில்லை. எதிரே கூடி மிரட்டிக் கத்தியவர்கள் அந்நியர்கள் அல்லர், அதே ஊர்க்காரர்கள். மறுநாள் ரொட்டிக் கடையில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் உள்ள ‘பொதுமக்கள்’ என்ற சொல்லையும் விட மனமில்லை. இயக்கங்கள் அந்தச் சொல்லைச் சுருக்கிக்கொண்டே போகும். எர்முவா என்ற சிற்றூரின் நகரமன்ற உறுப்பினர் மிகெல் ஆங்கெல் பிளாங்கோ. வயது 29, இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். 1997 ஜூலை 10 அன்று ஈ.டி.ஏ. அவரைக் கடத்தியது. சிறையிலுள்ள தன் உறுப்பினர்கள் எல்லோரையும் பாஸ்க் பகுதிக்கு மாற்ற 48 மணி நேரக் கெடு. நாடெங்கும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிக் கெஞ்சியும், கெடு முடிந்ததும் தலையில் சுட்டார்கள்.

2011-இல் ஆயுதப் போராட்டத்தை நிறுத்திய ஈ.டி.ஏ., 2018 மே மாதம் தன்னைக் கலைத்துக்கொண்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. மோதலில் நேரடிப் பங்கில்லாமல் பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் அதில் மன்னிப்புக் கேட்டிருந்தது. பிளாங்கோ அந்தக் கணக்கில் வருகிறாரா, வரவில்லையா? அவர் வீட்டார் அந்த அறிக்கையை எப்படிப் படித்திருப்பார்கள் என்று இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.