கிராஃப் வரவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பைத்தானை செல் செல்லாக ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில் அழகாக வந்த மேட்பிளாட்லிப் (பைத்தானில் படம் வரையும் லைப்ரரி) கிராஃப், அதே கோடை ஸ்கிரிப்டாக ஓட்டினால் வரவில்லை. எர்ரரும் இல்லை. ஏன்?

வரைவது ஒரு வேலை, காட்டுவது வேறு வேலை. ஜூபிட்டர் ஒவ்வொரு செல் முடிந்ததும் கிராஃபைத் தானே கீழே காட்டிவிடும். ஸ்கிரிப்டில் நீங்கள்தான் கடைசியில் பிஎல்டி.ஷோ() போட வேண்டும். அடைப்புக்குறி முக்கியம்; அதை விட்டுவிட்டால் பைத்தான் ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடும், கிராஃபும் வராது.

ஷோ போட்டாயிற்று. சர்வரில், 'ஃபிகர்கேன்வாஸ்ஆக் இஸ் நான்-இன்டராக்டிவ்' என்று வார்னிங் மட்டும் வருகிறது.

ஆக் என்பது மேட்பிளாட்லிப்பின் பேக்எண்டுகளில், அதாவது பின்னால் நின்று படத்தை வரைந்துதரும் பகுதிகளில், ஒன்று. மெமரியில் படத்தை வரைந்து பிஎன்ஜி ஃபைலாக எழுதித் தரும். விண்டோ திறக்க அதனால் முடியாது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து போகும் சர்வரில் பெரும்பாலும் திரையே இருக்காது. அதனால் மேட்பிளாட்லிப் ஆக்கைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஷோவோடு மல்லுக்கட்டாதீர்கள். படத்தை ஃபைலாகச் சேமிக்கும் சேவ்ஃபிக் போட்டு ஃபைலை இறக்கிப் பாருங்கள், போதும்.

சொந்த லேப்டாப்பிலும் இதே வார்னிங் வந்தால், விண்டோ திறக்கும் லைப்ரரி இல்லை என்று சந்தேகப்படலாம். உபுண்டுவில் பைத்தான்3-டிகே பேக்கேஜை ஏபிடி மூலம் போடுங்கள். விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான்) என்றால் அதற்குள் பைக்யூடி6 நிறுவலாம். அதற்கு முன், எங்கிருந்தோ காப்பியடித்த கோடில் மேட்பிளாட்லிப்.யூஸ்('ஆக்') என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பேக்எண்டைத் தீர்மானிக்கும் எம்பிஎல்பேக்எண்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளையும் பாருங்கள். எந்த பேக்எண்ட் ஓடுகிறது என்பதை கெட்_பேக்எண்ட்() சொல்லிவிடும்.

சேவ் செய்த படம் வெறும் வெள்ளையாக இருக்கிறது.

ஷோவுக்கு அப்புறம் சேவ்ஃபிக் போட்டிருப்பீர்கள். விண்டோவை மூடியதும் பழைய படம் போய்விடும், சேவ் ஆவது புதிதாகப் பிறந்த காலிப் படம். வரிசையை மாற்றுங்கள்.

ஆர் மொழியில், ஃபார் லூப்புக்குள் ஜிஜிபிளாட் (ஆரில் படம் வரையும் பேக்கேஜ்) எதையும் காட்டுவதில்லை.

வெளியே தனி வரியாக எழுதும்போது ஆர் தானே படத்தை பிரிண்ட் செய்கிறது. லூப்புக்குள் செய்யாது. படத்தை பி என்ற பெயரில் வைத்திருந்தால், பிரிண்ட்(பி) என்று போட்டால் சரி.

மேட்பிளாட்லிப்பில் தமிழ் லேபிள் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது.

இயல்பாக வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஃபான்ட்.ஃபேமிலியை நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றினால் கட்டங்கள் போய்விடும். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். 'சென்னை' என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடில் ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. மேட்பிளாட்லிப்பின் பரவலாகப் புழங்கும் பதிப்புகள் அதைச் செய்வதில்லை. கொம்பும் ஐகாரமும் இடம்மாறி நிற்கும். அறிக்கையில் ஊர்ப்பெயர் அப்படிச் சிதைந்து போவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பிரவுசரில் கிராஃப் காட்டும் பிளாட்லி லைப்ரரியைப் பயன்படுத்துங்கள், அதில் எழுத்தைக் கோப்பது பிரவுசர், அதற்குத் தமிழ் சரியாக வரும். ஆரில் எழுதுபவர்களுக்கு ராக் (ragg) பேக்கேஜ் இந்த வேலையைச் செய்துதரும்.